எங்கள் பங்குச் சுவர்

ஆப் மாதம், நான்காம் நாள்

என் காதால் கேட்டிராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். இன்று தண்ணீர் வாசல் அருகே கூடிய சபையில் அப்பா எழுந்து நின்று, "எனக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல. அதுக்காக என் பங்குச் சுவர் இடிஞ்சே கிடக்கணுமா? என் மூணு பொண்ணுங்களும் கட்டுவாங்க" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். நாங்கள் மூவரும் பெண்கள் நின்ற ஓரத்தில் இருந்தோம். கடைக்குட்டி எப்சிபாள் என் முக்காட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். நடுத் தங்கை செபியாள் மட்டும், "சொல்றதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?" என்று முணுமுணுத்தாள்.

எருசலேமின் மதிலை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. என் பாட்டனார் காலத்துக்கும் முன்னால் பாபிலோன்காரர்கள் அதை எரித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஆடுகள் ஏறி இறங்கும் கல்மேடாகவே கிடக்கிறது. பாரசீக ராஜா அனுப்பிய புதிய ஆளுநர் வந்து, அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள இடிபாட்டை அவரவரே கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அப்பா எங்கள் தெருவுக்குத் தலைவர். பெலதியா என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் பின்வாங்க முடியாதுதான். ஆனால் கூலியாள் வைத்திருக்கலாமே?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என் பொண்ணுங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கும்மா" என்று என் தலையில் கை வைத்தார். என் கணவர் காய்ச்சலில் செத்து நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு, அப்பா என் தலையில் கை வைத்தது இதுதான் முதல் தடவை.

ஆப் மாதம், ஏழாம் நாள்

முதல் நாள் கூடை தூக்கியபோது தெருவே நின்று பார்த்தது. ஒரு கிழவர் எங்கள் எதிரிலேயே, "பொம்பளைங்க கை வச்ச சுவர் மழை வரைக்கும் நிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். செபியாள் கல்லை எறியப் போனாள். பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

எங்கள் பங்குக்கு இடப்பக்கம் தட்டார் ஊரி அண்ணனின் பங்கு. நகை செய்கிற கை, பாவம், அவருக்கும் எங்களைப் போலவே கல் தூக்கத் தெரியவில்லை. அவர் மனைவி தீர்சாள் அக்கா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து, எங்களுக்குச் சும்மாடு சுற்றக் கற்றுக் கொடுத்தார். துணியை வெறுமனே சுருட்டி வைத்தால் கழுத்து போய்விடுமாம்.

ஆப் மாதம், பத்தாம் நாள்

விரல் மடங்கவில்லை.

ஆப் மாதம், பதிமூன்றாம் நாள்

தான் விற்கும் பிசின் தைலச் சாடிகளில் பெயர் எழுதுவதற்காக அப்பா எனக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தார். இடிபாட்டில் உடைந்த பானை ஓடுகள் ஏராளம். அகலமானதாகப் பார்த்துப் பொறுக்கி வந்து எழுதுகிறேன்.

இன்று மூன்றாவது வரிசை முடிந்தது. வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசைக் கல், நடுவே சின்னக் கல்லும் மண்ணும் போட்டு அடைப்பு. தூக்குநூல் பிடிக்க எப்சிபாள் கற்றுக்கொண்டாள். நூல் ஆடாமல் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்கிறாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. யோர்தானுக்கு அக்கரையில் அம்மோன் நாட்டுப் பெருவணிகர் ஷோபியின் மகன். அப்பாவின் தைலத்தை வாங்கி விற்பவர்கள். திராட்சை அறுப்பு முடிந்ததும் கல்யாணம்.

அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் நம் சுவர் எழும்புவதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்களாம். கிணற்றடியில் பேசிக்கொள்கிறார்கள். அப்பாவிடம் கேட்டேன். "அது ஊர் விவகாரம், இது கல்யாணம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே" என்றார்.

ஆப் மாதம், பதினாறாம் நாள்

மலையிலிருந்து வெட்டிய புதுக் கற்கள் வண்டியில் வந்தன. எங்கள் பங்குக்கு வந்ததை அப்பா அப்படியே ஊரி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். "உனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு ஊரி. எங்களுக்கு இங்க கிடக்கிற கல்லே போதும்." ஊரி அண்ணன் கண் கலங்கிவிட்டார். தெருவெல்லாம் அப்பாவின் தாராளத்தைப் பற்றித்தான் பேச்சு. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆப் மாதம், பத்தொன்பதாம் நாள்

செபியாள் தூக்கிய கல் அவள் கையிலேயே இரண்டாகி, பாதி மாவாக உதிர்ந்தது. பழைய தீயில் வெந்த கல். மேலே பார்த்தால் தெரிவதில்லை. அவள் அதை எறியப் போனபோது அப்பா தடுத்தார்.

"எறியாதே. நடுவுல போடு."

"உதிருதுப்பா."

"நடுவுல போட்டா யாருக்குத் தெரியும்? வேலை ஆகணும்."

சாந்துக்கு வைக்கோல் கேட்டோம். கழுதைகளுக்கே போதவில்லையாம். வைக்கோல் இல்லாத மண் காய்ந்ததும் வெடிக்கிறது. வெடிப்பின் மேல் இன்னும் மண் பூசினோம். செபியாள் நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு எப்போதும் அப்பாவிடம் ஒரு குறை.

ஆப் மாதம், இருபத்துமூன்றாம் நாள்

மழைத் தண்ணீர் வெளியேற அடியில் ஒரு தூம்பு விடச் சொன்னார் அப்பா. பக்கத்துப் பங்குகளில் தூம்பு ஒரு சாண் அகலம்தான். எங்களுடையது பெரிசு. எங்கள் பக்கம் சரிவு அதிகம், தண்ணீர் வேகமாக வரும் என்று சொன்னார்.

எப்சிபாள் விளையாட்டாக அதற்குள் நுழைந்து, பள்ளத்தாக்குப் பக்கம் போய் எழுந்து நின்று, "அக்கா, நான் ஊரை விட்டே போயிட்டேன்!" என்று கத்தினாள். நாங்கள் சிரித்தோம். அப்பா ஓடிவந்து அவள் கன்னத்தில் அறைந்தார்.

அம்மா இல்லாத பிள்ளை என்று அவளை ஒருநாளும் அதட்டியதுகூட இல்லை. அடித்த கையை அவரே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் அவரைப் படுத்துகிறது. அவருக்கும் வயதாகிறது.

ஆப் மாதம், இருபத்தாறாம் நாள்

எதிரிகள் சுவரைத் தாக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்திருக்கிறது. பாதிப் பேர் வேலை செய்ய, பாதிப் பேர் ஈட்டியோடு காவல் நிற்கிறார்கள். எங்கள் பங்குக்கு வந்த இரண்டு காவல்காரர்களையும் அப்பா வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார். "என் பங்கை நானே பாத்துக்குறேன்."

ஊரி அண்ணன் இராக்காவலுக்குத் தண்ணீர் வாசலுக்குப் போகிறார். தீர்சாள் அக்கா பிள்ளைகளோடு எங்கள் சுவர் நிழலிலேயே கூடாரம் போட்டுக்கொண்டார். "உங்க அப்பா இருக்கிற இடத்துல பயமில்ல" என்றார்.

ஆப் மாதம், இருபத்தெட்டாம் நாள்

எழுதித்தான் ஆக வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது.

உச்சி வெயிலில் எல்லோரும் படுத்திருந்தார்கள். அப்பாவுக்குப் பருப்புக் கூழ் எடுத்துக்கொண்டு போனேன். சுவரோரம் அவரைக் காணவில்லை. தூம்பு வழியாக வெளிப்பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. இன்னொரு குரல் ஷோபியின் காரியக்காரனுடையது. நிச்சயதார்த்தத்துக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனவன்.

"சுவர் தாங்குமா?" என்று அவன் கேட்டான்.

"எங்க தாங்கும்? உள்ள பூரா வெந்த கல்லு. தூம்புப் பக்கத்துல நாலு பேர் கடப்பாரை போட்டா சரிஞ்சிரும்."

"அப்புறம் உங்களைப் பிடிச்சு விசாரிச்சா?"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நல்ல விலைக்குத் தைலம் விற்றால் அப்படித்தான் சிரிப்பார். "என்னை யார் கேப்பா? பொம்பளைங்க கட்டுன சுவர், விழுந்திருச்சும்பாங்க. அதுக்குத்தானே அதுங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

கலயம் என் கையில்தான் இருந்தது. கூழ் வழிந்து பாதத்தில் சுட்டதைப் பிறகுதான் பார்த்தேன். நான் நகரவில்லை. தீர்சாள் அக்காவின் கைக்குழந்தை கூடாரத்தில் தூக்கத்தில் சிணுங்கியது. எல்லாம் நேற்றுப் போலவே இருந்தது. திரும்பி வீட்டுக்கு நடந்தேன். சாயங்காலம் மறுபடி வந்து அதே சுவருக்குக் கல் சுமந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

எலூல் மாதம், முதல் நாள்

ரொட்டி சுட்டேன். கருகிவிட்டது.

எலூல் மாதம், இரண்டாம் நாள்

அவர் என்னைப் பார்த்து, "ஏம்மா முகம் வாடியிருக்கு?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

எலூல் மாதம், மூன்றாம் நாள்

செபியாள் கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சு நாளா நீ அப்பா சாப்பிட்ட தட்டைத் தொடலை. நான்தான் கழுவுறேன். என்ன நடந்துச்சு?"

சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கிணற்றுச் சுவரில் சாய்ந்து மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். "அதுங்கன்னா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றேன். "அதுங்க" என்று அவளே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"ஆளுநர்கிட்டச் சொன்னா அப்பாவைக் கல்லெறிஞ்சு கொன்னுருவாங்க, செபியா."

"சொல்லாட்டி தீர்சாள் அக்கா பிள்ளைங்க சாவும்."

பின்னாலிருந்து, "அப்ப இடிச்சுட்டு மறுபடி கட்டுவோம்" என்று குரல் வந்தது. எப்சிபாள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. குடத்தை இறக்காமலே சொன்னாள். "யாரையும் காட்டிக் குடுக்க வேணாம். நாம கட்டினது சரியில்லன்னு சொல்லுவோம். ஊரே நம்பும்."

"உன் கல்யாணம்?" என்றேன்.

"தூம்பு வழியா வர்றவங்க வீட்டுக்கா நான் வாழப் போறேன்?" என்றாள். அப்புறம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அந்தப் பையனை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். அவனுக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்று எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

எலூல் மாதம், நான்காம் நாள்

விடிந்ததும் தீர்சாள் அக்காவின் கூடாரத்தை முதலில் அப்புறப்படுத்தினோம். பிறகு மேல்வரிசையிலிருந்து கல்லைக் கழற்றினோம். முதல் கல் உருண்டதும் கூட்டம் கூடிவிட்டது. "பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்றார் ஒருவர். மழை வரைக்கும் நிக்குமா என்று கேட்ட கிழவரும் வந்திருந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

செபியாள் கல்மேட்டின் மேல் ஏறி நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு வார்த்தை பொறுக்காத பெண், எதைக் கொட்டப்போகிறாளோ!

"பெரியவர் சொன்னது சரிதான்" என்றாள் உரக்க. "தெரியாமக் கட்டிட்டோம். நடுவுல வெந்த கல்லைப் போட்டுட்டோம். சாந்துல வைக்கோல் போடல. தப்பு எங்க மேலதான். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. நாங்க மறுபடி கட்டுறோம்."

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். தலை குனிந்து கல்லைக் கழற்றிக்கொண்டே இருந்தோம்.

அப்பா ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "நிறுத்துங்க! யாரைக் கேட்டு இடிக்கிறீங்க?" என்று என் கையிலிருந்த கடப்பாரையைப் பிடித்தார். நான் விடவில்லை. அவர் கண்ணுக்குள் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்பது அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. பிடி தானாகத் தளர்ந்தது.

ஊரி அண்ணன் இடையில் வந்தார். "விடுங்கண்ணே. தப்புன்னு தெரிஞ்சதும் பிரிச்சுக் கட்ட எத்தனை பேருக்கு மனசு வரும்? நீங்க குடுத்த புதுக் கல்லுல பாதி இன்னும் மிச்சம் இருக்கு. இவங்களுக்கே தர்றேன்."

ஊர் முன்னால் அப்பாவால் என்ன சொல்ல முடியும்? திரும்பி நடந்தார்.

தீர்சாள் அக்கா குழந்தையைத் தன் மூத்த மகளிடம் கொடுத்துவிட்டுக் கூடையோடு வந்தார். பின்னாலேயே குயவர் வீட்டு மருமகள்கள் இரண்டு பேர். பிறகு காவலுக்குப் போனவர்களின் மனைவிமார். ஒருத்தி தன் படுக்கையைக் கிழித்து உள்ளே அடைத்திருந்த வைக்கோலைக் கொண்டுவந்து சாந்துக் குழியில் கொட்டினாள். ஏன் இடித்தோம் என்று அவர்களில் யாருமே கேட்கவில்லை.

எலூல் மாதம், ஐந்தாம் நாள்

வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் நின்றபடி கேட்டார்.

"எவ்வளவு கேட்ட?"

"எல்லாம்."

"அவங்க ஆளுநரைத்தான் பிடிக்க வர்றாங்க. ஊர்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க. இந்தச் சுவர் எழும்பினா பாரசீகப் படை வந்து மறுபடி எரிக்கும். அன்னைக்கு நமக்குப் போக ஒரு இடம் வேணும்னுதான்..."

"தூம்புக்கு நேரா தீர்சாள் அக்கா பிள்ளைங்க படுத்திருந்தாங்க."

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"நம்பிக்கை இருக்குன்னு என் தலையில கை வச்சீங்களே."

"இந்த ஊர்ல ஒருத்தனும் உங்களை நம்ப மாட்டான்னு எனக்குத் தெரியும் யெருசா. நான் அதைத்தான் நம்பி..."

"ஊரை விடுங்க. நீங்க?"

திரிகையில் தானியம் தீர்ந்து கல்லோடு கல் உரசிக்கொண்டிருந்தது. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தபோது வாசலில் அவர் இல்லை.

எலூல் மாதம், பத்தாம் நாள்

சுவர் இப்போது இரண்டு ஆள் உயரம். வெந்த கல்லைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கிறோம். நல்ல கல் கணீரென்கிறது, வெந்தது பொத்தென்கிறது. குயவர் மருமகள் ஒருத்தியின் விரல் நசுங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள்.

அப்பா சுவர்ப் பக்கம் வருவதில்லை.

எலூல் மாதம், பதினான்காம் நாள்

தூம்பை ஒரு சாணாகக் குறுக்கினோம். அதற்கான கல்லை எப்சிபாளே தேர்ந்தெடுத்தாள். நாங்கள் தூக்கிக்கொடுத்தோம், அவள் குனிந்து பொருத்தினாள். கையால் சாந்து பூசி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அந்தச் சின்ன ஓட்டை வழியாக அக்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். செபியாள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் சொல்லாமல் அவள் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

எலூல் மாதம், இருபதாம் நாள்

பொழுது சாயும் நேரத்தில் எதிர்மேட்டில் குதிரைக்காரர்கள். நம் காவல்காரர்கள் எக்காளம் ஊதினார்கள். வேலை செய்த அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். நான் கடப்பாரையோடு சுவர்மேல் நின்றேன். குதிரைக்காரர்கள் இறங்கி வரவில்லை. நேராக எங்கள் பங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையை நீட்டி எதையோ காட்டினான். பிறகு குதிரைகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

"எதுக்கு வந்தானுங்க, எதுக்குப் போறானுங்க?" என்றார் ஊரி அண்ணன். எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எலூல் மாதம், இருபத்திரண்டாம் நாள்

ஷோபியின் ஆள் நிச்சயதார்த்தத்தை முறித்துவிட்டுப் போனான். எப்சிபாள் அவர்கள் போட்ட வளையல்களைக் கழற்றி, சாந்து படிந்திருந்ததைக் கழுவித் துடைத்து அவன் கையில் கொடுத்தாள். அப்பா உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இன்று முழுக்க எழவில்லை.

எலூல் மாதம், இருபத்தைந்தாம் நாள்

சுவர் முடிந்தது. முழுச் சுவரும்.

ஊரே மேலே ஏறி, பாடிக்கொண்டு சுற்றி வந்தது. தெருத்தலைவர்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று அப்பாவையும் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். ஊரி அண்ணனின் பங்கு வரைக்கும் நடந்தார். எங்கள் பங்கு தொடங்கும் இடத்தில் கால் நின்றுவிட்டது.

பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். "என்ன பெலதியா, தலை சுத்துதா?" என்று யாரோ கேட்டார்கள். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. சுவரைப் பார்த்துப் பயந்தாரா, எங்களைப் பார்த்தா, எனக்குத் தெரியாது. செபியாள் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்விட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எப்சிபாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வளையலில்லாத கையை நீட்டினாள்.

"விழாதுப்பா. வாங்க."

அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றினார். கிழவர்கள் ஆற்றில் இறங்குவதுபோல ஒவ்வொரு காலாக வைத்து நடந்தார். நடுப்பகுதிக்கு வந்ததும் அப்படியே முழங்காலில் விழுந்து, இரண்டு உள்ளங்கையையும் கல்லின்மேல் ஊன்றி, நெற்றியைப் பதித்தார். தோள்கள் குலுங்கின.

சுற்றி நின்றவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். "எவ்வளவு பக்தி பார்" என்று தீர்சாள் அக்கா என் காதில் சொன்னார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.